ஊருக்குப் போகமுதல் கடவுச்சீட்டை ஒருக்கால் எடுத்துப் பாருங்கள்

பங்குனி பிறந்தால் போதும், என் தொலைபேசிக்கு ஒரே மாதிரிக் கேள்விகள் வரத் தொடங்கிவிடும். "தம்பி, இந்த முறை நல்லூருக்குப் போகிறோம், வீசா எப்படி எடுக்கிறது?" "மாமா, சின்னவனுக்கும் தனியாக ஈ.ரி.ஏ (இலங்கைக்கான இணையவழிப் பயண அனுமதி) போடவேணுமா?" நான் பயண முகவரும் இல்லை, சட்டத்தரணியும் இல்லை. கனடாவின் ஸ்காபரோவில் இருந்துகொண்டு சொந்தக்காரருக்கும் பக்கத்து வீட்டாருக்கும் படிவம் நிரப்பிக் கொடுக்கிற ஆள், அவ்வளவுதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக் களைத்துவிட்டதால் ஒரேயடியாக எழுதி வைக்கிறேன்.

இலங்கைக்கு வீசா எடுப்பது பெரிய காரியமே இல்லை, பத்து நிமிட வேலை. எங்கள் ஆட்கள் மாட்டுப்படுவது வேறு இடத்தில்: கையில் இருப்பது எந்தக் கடவுச்சீட்டு, அது எப்போது முடிகிறது, அதில் பெயர் எந்த ஒழுங்கில் கிடக்கிறது. இந்த மூன்றையும் பார்க்காமல் ரிக்கெற் போட்டுவிட்டுத்தான் முக்கால்வாசிப் பேர் எனக்கு அழைப்பு எடுக்கிறார்கள்.

கனடா, பிரித்தானியா, பிரான்ஸ், சுவிஸ், நோர்வே என்று எந்த நாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருந்தாலும், யாழ்ப்பாணத்தில் பிறந்தவர் என்றாலும், இலங்கைக்கு நீங்கள் வெளிநாட்டவர்தான். கேட்கக் கவலையாக இருக்கும், ஆனால் சட்டம் அப்படித்தான். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டப்படி, விரும்பி இன்னொரு நாட்டுக் குடியுரிமை எடுத்த அன்றே இலங்கைக் குடியுரிமை போய்விடும். இரட்டைக் குடியுரிமை கேட்டு எடுத்தவர்களுக்கு மட்டும் விலக்கு. ஆகவே "பழைய சிலோன் பாஸ்போர்ட் இன்னும் முடியவில்லை, அதைக் காட்டி உள்ளே போனால் வீசாக் காசு மிச்சம்தானே" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஐம்பது டொலரை மிச்சம் பிடிக்கப்போய் விமான நிலையத்தில் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்கவேண்டி வரும்.

சரி, ஈ.ரி.ஏ. 2012இல் இருந்து நடைமுறையில் இருக்கிற இணையவழிப் பயண அனுமதி இது. நடுவில் 2024 சித்திரையில் வேறொரு நிறுவனக் கூட்டின் கையில் கொடுத்து, கட்டணமும் கூடி, விடயம் நீதிமன்றம்வரை போய், அதே வருடம் ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் இடைநிறுத்த, செப்டெம்பர் கடைசியில் பழைய ஈ.ரி.ஏ முறையே திரும்பி வந்தது. அதனால் 2024இல் போய்வந்தவர் சொல்கிற கணக்கை வைத்து இப்போது காசு எண்ணாதீர்கள். சுற்றுலா வீசாவுக்கு எங்களைப் போன்ற நாடுகளுக்கு 50 அமெரிக்க டொலர் என்பதுதான் அந்தக் குழப்பத்துக்கு முன்னும் பின்னும் இருந்த கணக்கு. 2025 ஜூலையில் கனடா, பிரித்தானியா, பிரான்ஸ், ஜேர்மனி, சுவிஸ், நோர்வே, அவுஸ்திரேலியா உட்பட 40 நாட்டவருக்குக் கட்டணத்தை நீக்கப்போவதாக அரசு அறிவித்தது. கட்டணம் இல்லை என்றால் வீசாவே தேவையில்லை என்று அர்த்தம் இல்லை. காசு கட்டினாலும் கட்டாவிட்டாலும் படிவம் போடத்தான் வேண்டும். நீங்கள் போடுகிற அன்றைக்கு அரச தளத்தில் என்ன தொகை காட்டுகிறதோ அதுதான் கணக்கு.

அரச தளம் என்றேன். இங்கேதான் நானே ஒருமுறை வழுக்கி விழுந்தேன். கூகிளில் தேடி, முதலாவதாக வந்ததை அமத்தி, சிங்கக் கொடியும் தாமரைப் பூவும் வடிவாகப் போட்டிருந்ததைப் பார்த்து நாலு பேருக்கும் விண்ணப்பம் போட்டேன். ஆளுக்குத் தொண்ணூற்றைந்து டொலர். அனுமதி வந்தது, பொய் இல்லை. அவர்களும் அதே அரச தளத்தில்தான் போட்டுத் தந்திருக்கிறார்கள், மேலதிகக் காசு அவர்களுடைய கூலி. அதிலும் மகளின் பிறந்த திகதியில் மாதத்தையும் நாளையும் மாற்றிப் போட்டிருந்தார்கள், திருத்தச் சொல்லி எழுதினால் பதிலே இல்லை. விலாசத்தின் முடிவைப் பாருங்கள்: ஜிஓவி டொட் எல்கே என்று முடியாத எதுவும் இலங்கை அரசின் ஈ.ரி.ஏ தளம் இல்லை.

படிவத்தில் வடிவாகப் பார்க்கவேண்டியது பெயர். எங்கள் பெயர்கள் வெளிநாட்டுக்கு வந்து பட்ட பாடு தெரியும்தானே. அப்பாவின் பெயர் முதலில் வந்து அதுவே குடும்பப் பெயராகி, மனைவிக்கு அவரின் அப்பாவின் பெயர், பிள்ளைகளுக்கு உங்கள் பெயர் என்று ஒரே வீட்டில் மூன்று குடும்பப் பெயர் இருக்கும். வீட்டில் எப்படிக் கூப்பிடுகிறோம் என்பதை மறந்துவிட்டு, கடவுச்சீட்டின் படப் பக்கத்தின் அடியில் இருக்கிற இரண்டு வரியைப் பாருங்கள். மேல் வரியில் நாட்டுக் குறியீட்டுக்குப் பிறகு வருவது குடும்பப் பெயர், அப்புறம் இரண்டு கோணக்குறி (<<), அதற்குப் பிறகு மற்றப் பெயர்கள். படிவத்திலும் அப்படியே போடுங்கள். நீளப் பெயரில் ஒரு எழுத்தும் விடாதீர்கள்.

கடவுச்சீட்டு இலக்கமும் அப்படித்தான். என் மச்சாளுக்கு நடந்தது: ஆங்கில ஓ எழுத்து இருக்கிற இடத்தில் பூச்சியம் போட்டுவிட்டார். ரொறன்ரோ விமான நிலையத்தில் பெட்டி நிறுக்கிற இடத்தில் நிற்கிற பிள்ளை இரண்டு தரம் தட்டிப் பார்த்துவிட்டு, உங்களுக்கு அனுமதி ஒன்றும் காட்டவில்லையே என்று சொல்லிவிட்டது. மச்சாள் கையில் அச்சடித்த தாளை வைத்துக்கொண்டு அழாத குறை. பின்னால் வரிசை நீள, பெட்டியை ஓரமாக இழுத்து வைத்துவிட்டு, அதன்மேல் இருந்தபடியே தொலைபேசியில் இன்னொரு தரம் விண்ணப்பித்து, இன்னொரு தரம் காசு கட்டி, அரை மணித்தியாலத்துக்குள் வந்துவிட்டது. எல்லாருக்கும் அரை மணியில் வரும் என்று நம்பி இருக்காதீர்கள். இரண்டு மூன்று கிழமைக்கு முதலே போட்டுவிட்டு, வந்த தாளைக் கடவுச்சீட்டுக்குப் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாக ஒத்துப் பாருங்கள்.

இலங்கையில் தங்கும் விலாசம் கேட்கும் இடத்தில் பலர் திகைத்துப்போவார்கள். ஊரில் வீட்டு இலக்கம் எங்கே இருக்கிறது? "வைரவர் கோயிலடி, குப்பிழான்" என்று போட்டாலும் விலாசம்தான். சித்தப்பா வீட்டில் நிற்பதென்றால் அவருடைய பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் தனியாக ஒரு துண்டில் எழுதிக் கைப்பையில் வையுங்கள், இறங்கும்போது கேட்டால் சொல்ல உதவும். பிறந்த நாடு என்ற இடத்தில் இலங்கை என்று போடப் பயந்து கேட்பவர்களும் இருக்கிறார்கள். கனடாக் கடவுச்சீட்டில் பிறந்த ஊர்ப் பெயருக்குப் பக்கத்தில் நாட்டின் மூன்றெழுத்தும் அச்சடித்தே இருக்கிறது. மறைத்து என்ன பயன், உள்ளதைப் போடுங்கள்.

சொந்தக்காரரைப் பார்ப்பது, கலியாணம், கோயில், வைத்தியம் எல்லாம் சுற்றுலா வகைக்குள் வரும். ஆனால் மகளின் நடனக் குழுவோடு போய் மேடையில் ஆடுவது, கருத்தரங்கில் பேசுவது போன்றவற்றுக்கு வர்த்தக வகை என்று தனியாக இருக்கிறது, அதில் போடுங்கள். பிள்ளைகள் எல்லாருக்கும் ஆளுக்கொரு விண்ணப்பம் வேண்டும், கைக்குழந்தை என்றாலும். அம்மாவோ அப்பாவோ ஒருவர் மட்டும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனால், மற்றவர் கையெழுத்திட்ட சம்மதக் கடிதம் ஒன்றைக் கொண்டுபோங்கள். குடும்பப் பெயரும் வேறு என்றால் பிறப்பத்தாட்சிப் பத்திரத்தின் பிரதியும் கூட இருக்கட்டும். கேட்காமலும் விடுவார்கள். கேட்டால் கையில் இருக்கவேண்டும். கடவுச்சீட்டு, போய் இறங்கும் நாளில் இருந்து ஆறு மாதமாவது செல்லுபடியாக இருக்கவேண்டும். பிள்ளைகளுடைய கனடாக் கடவுச்சீட்டு ஐந்து வருடத்தில் முடிந்துவிடும் என்பதைத்தான் எல்லாரும் மறக்கிறார்கள்.

சாதாரணமாகக் கிடைப்பது 30 நாள், இரண்டு தரம் உள்ளே வரலாம். நல்லூர்த் திருவிழா கொடியேறி 25 நாள். கொடியேற்றத்துக்கு நின்று, திருவிழா முடிவில் வரும் பூங்காவனமும் பார்த்துவிட்டு வருவதென்றாலே 30 நாள் இறுக்கம்தான். கூட நிற்பதென்றால் முடியமுதலே நீட்டிப்புக் கேளுங்கள். இணையத்திலும் கேட்கலாம், பத்தரமுல்லையில் இருக்கிற குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்துக்கு நேரே போயும் கேட்கலாம். மொத்தமாக ஆறு மாதம் வரை நீட்டலாம். நாள் முடிந்த பிறகு போய் நின்றால் தண்டப் பணம். "இரண்டு நாள்தானே, என்ன செய்யப் போகிறார்கள்" என்ற கதை வேண்டாம்.

வடக்குக்குப் போகப் பாதுகாப்பு அமைச்சின் பாஸ் வேண்டுமா என்று இன்றைக்கும் கேட்கிறார்கள். 2014 ஒக்டோபரில் வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்காரருக்கு அப்படி ஒரு கட்டுப்பாட்டைத் திரும்பக் கொண்டுவந்தார்கள், வடக்குக்குப் போகும் வழியில் ஓமந்தைச் சோதனைச் சாவடியில் எத்தனையோ பேரைத் திருப்பி அனுப்பினார்கள். 2015 தையில் அது எடுபட்டுவிட்டது. இப்போது கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கி நேரே வான் பிடித்து வீட்டுக்குப் போகலாம். ஆனால் ஒன்று: பயங்கரவாதத்தைத் தடுக்கவென்று ஐக்கிய நாடுகள் சட்டத்தின் கீழ் வந்த ஒழுங்குவிதிப்படி அமைப்புகளையும் ஆட்களையும் பெயர் சொல்லி அரச வர்த்தமானியில் போடும் பட்டியல் ஒன்று 2014இல் இருந்து இருக்கிறது, அவ்வப்போது பெயர்களைச் சேர்ப்பார்கள், எடுப்பார்கள். நீங்களோ நீங்கள் பொறுப்பில் இருந்த அமைப்போ அதில் இருக்கலாம் என்று சந்தேகம் வந்தால், ரிக்கெற் போடமுதல் ஒரு சட்டத்தரணியோடு கதையுங்கள்.

இனி, இந்தக் கட்டுரையை நான் எழுதியதே இதற்காகத்தான். அகதியாக ஏற்றுக்கொள்ளப்பட்டு, இன்னும் குடியுரிமை எடுக்காமல் நிரந்தர வதிவிடத்தோடு இருக்கிறவர்கள் தயவுசெய்து கவனியுங்கள். உங்களிடம் அகதிகளுக்கான நீலநிறப் பயணப் பத்திரம் இருந்தால், அதில் இலங்கைக்கு மட்டும் செல்லாது என்று பெரும்பாலும் அச்சடித்திருக்கும். சிலர் அதற்கு ஒரு வழி கண்டுபிடிப்பார்கள்: தூதரகத்தில் போய் இலங்கைக் கடவுச்சீட்டு எடுத்து, அதில் ஊருக்குப் போய்வருவது. ஊரில் பிரச்சினை வராமல் இருக்கலாம். பிரச்சினை திரும்பி வருகிற இடத்தில். உயிருக்குப் பயம் என்று சொல்லி அடைக்கலம் கேட்டவர், அதே அரசின் கடவுச்சீட்டை எடுத்து அதே நாட்டுக்குப் போனால், பாதுகாப்பு இனித் தேவையில்லை என்று எடுத்துக்கொள்ள 1951ஆம் ஆண்டு அகதிகள் சாசனத்திலேயே இடம் இருக்கிறது. கனடாவில் 2012இல் சட்டம் மாறிய பிறகு, அப்படி அகதி நிலை பறிபோனால் நிரந்தர வதிவிடமும் சேர்ந்தே போகலாம். அம்மாவின் செத்தவீட்டுக்குத்தானே போனேன் என்று பின்னால் சொல்வது விளக்கமாக இருக்கலாம், பாதுகாப்பாக இராது. குடியுரிமை எடுத்தபிறகு போங்கள். அதுவரை பொறுக்க முடியாது என்றால் அம்மாவைச் சென்னைக்குக் கூப்பிட்டு அங்கே சந்திக்கிறவர்கள் கனபேர் இருக்கிறார்கள்.

சென்னை என்றதும் இந்திய வீசா. ஊரில் கலியாணம் என்றால் கூறைச்சேலைக்குக் காஞ்சிபுரம் போகாமல் யார் விடுகிறார்கள். யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்தில் இருந்து சென்னைக்கும் திருச்சிக்கும் விமானம் ஓடுகிறது, ஒரு மணித்தியாலம் சொச்சம். இந்திய ஈ-வீசாவில் 30 நாள், ஒரு வருடம், ஐந்து வருடம் என்று வகை இருக்கிறது. குறைந்தது நாலு நாளுக்கு முதல் போடவேண்டும், நான் பத்து நாள் என்பேன். இந்தப் படிவம் ஈ.ரி.ஏ மாதிரி இல்லை, அப்பா அம்மா பிறந்த இடம், அவர்களுடைய குடியுரிமை எல்லாம் கேட்கும். கடந்த மூன்று வருடத்தில் சார்க் (தென்னாசியக் கூட்டமைப்பு) நாடுகளுக்குப் போனீர்களா என்ற கேள்விக்கு இலங்கை என்று போட மறக்காதீர்கள். ஈ-வீசாவோடு எல்லா வாசலாலும் நுழைய முடியாது. சென்னையும் திருச்சியும் பட்டியலில் இருக்கின்றன. காங்கேசன்துறையில் இருந்து நாகப்பட்டினத்துக்குக் கப்பலில் போக ஆசை என்றால், முதலில் அந்தப் பட்டியலில் நாகப்பட்டினம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு கப்பலுக்குக் காசு கட்டுங்கள். இலங்கைக்குத் திரும்ப வருவதும் அந்த முதல் 30 நாளுக்குள் இருக்கவேண்டும். போய்வந்தால் புதுசாக 30 நாள் தொடங்கும் என்று நினைத்து மாட்டுப்பட்ட சோடி ஒன்றை எனக்குத் தெரியும்.

கடைசியாக, நடு இரவில் வருகிற அழைப்பு. அப்பா போய்விட்டார், நாளைக்கே ஏறவேணும், கடவுச்சீட்டு முடிந்து கிடக்கிறது. கனடாவில் என்றால் பயணத்துக்கான ஆதாரத்தோடு கடவுச்சீட்டு அலுவலகத்துக்கு நேரே போய் அவசர சேவை கேட்டால் அடுத்த வேலைநாளுக்குள் தருவார்கள், மேலதிகக் காசு உண்டு. அலுவலக வாசலில் நிற்கும்போதே ஈ.ரி.ஏ போட அவசரப்படாதீர்கள், புதுக் கடவுச்சீட்டுக்குப் புது இலக்கம் வரும். அது கைக்கு வந்தபிறகு போடுங்கள். படிவத்தை நீங்களே நிரப்பவேண்டும் என்றும் இல்லை, இன்னொருவருக்காக விண்ணப்பிக்கிற வசதி அதே தளத்தில் இருக்கிறது. அந்த நேரம் அழுது களைத்த கண்ணோடு நீங்கள் இலக்கம் தட்டவேண்டாம், கடவுச்சீட்டைப் படம் எடுத்துப் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் கொடுத்துவிடுங்கள்.