ரேண்ட் வரைபடம் படுத்தே கிடந்தது: என் அனுபவம்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வணிக இதழியல் மாணவர்களுக்குக் காணொளிச் செய்தி தயாரிக்கக் கற்றுக்கொடுக்கும்போது வந்த சிக்கல் இது. அந்நாட்டு நாணயமான ரேண்டுக்கும் டாலருக்கும் உள்ள மாற்று விகிதத்தை சிஎஸ்வி கோப்பாக (அட்டவணைத் தரவை வெறும் உரையாக வைக்கும் கோப்பு) இறக்கி எக்செலில் வரைந்தால், ஆய்வகக் கணினிகளில் கோடு சுழியத்திலேயே கிடந்தது. ஒரு மாணவியின் மடிக்கணினியில் மட்டும் ஒழுங்காக ஏறி இறங்கியது.

வரைபட வகையை மாற்றியும், செல்களை 'நம்பர்' ஆக்கியும் பயனில்லை. எண்களிலிருந்த புள்ளியைக் காற்புள்ளியாக மாற்றினால் ஆய்வகக் கணினிகளில் சரியானது. அதே கோப்பு மாணவியின் கணினியில் கெட்டது.

எண்கள் செல்லின் இடப்பக்கம் ஒட்டியிருந்ததுதான் துப்பு. அப்படியிருந்தால் எக்செலுக்கு அவை எழுத்து, வரைபடத்தில் சுழியம். விண்டோஸின் தென்னாப்பிரிக்க அமைப்பில் தசமக்குறி காற்புள்ளி, கோப்பிலோ 18.45 என்று புள்ளி.

தீர்வு: கோப்பை இரட்டைச் சொடுக்கில் திறக்காமல் டேட்டா > ஃப்ரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி > டிரான்ஸ்ஃபார்ம் டேட்டா. தானாகச் சேரும் 'சேஞ்ச்டு டைப்' படியை நீக்கி, நெடுவரிசைத் தலைப்பில் வலச்சொடுக்கு, சேஞ்ச் டைப் > யூசிங் லொக்கேல், டெசிமல் நம்பர், இங்கிலீஷ் (யுனைடெட் ஸ்டேட்ஸ்). கோடு எழுந்தது, அப்பாடா!

ஆண்டறிக்கையிலிருந்து ஒட்டும் '1 250 000' போன்ற எண்ணும் எழுத்தாகவே நிற்பது இன்னொரு தொல்லை. நடுவிலிருப்பது பெரும்பாலும் பிரியா இடைவெளி (எண் இரு வரிகளாக உடையாமல் காக்கும் தனிக்குறி); சாதாரண இடைவெளியைத் தேடினால் சிக்காது. செல்லிலிருந்தே அதை நகலெடுத்து 'ஃபைண்ட்' பெட்டியில் ஒட்டி, 'ரீப்ளேஸ்' பெட்டியை வெறுமையாக விட வேண்டும்.

ஜோகன்னஸ்பர்க் பங்குச்சந்தை விலைகள் சென்ட்டில் வரும். 100 ஆல் வகுத்த பிறகே அச்சில் 'ரேண்ட்' என்று எழுதச் சொல்லுங்கள்.