மூன்று எடுத்தால் பாதி மார்க் இல்லை

இங்கே மலேசியாவில், தொடக்கப்பள்ளியில் ஒன்றாம் ஆண்டு படிக்கும் என் மகளின் தேர்ச்சி அறிக்கையைச் செந்தூல் வீட்டில் பிரித்ததும் மாமியார் கேட்ட முதல் கேள்வி: “ஆறுக்கு மூனுதானா? பாதிதானே வாங்கியிருக்கா?” பிள்ளையின் முகம் வாடிவிட்டது. உங்கள் வீட்டிலும் இது நடக்காமல் இருக்கத்தான் எழுதுகிறேன்.

2019 முதல் ஒன்று முதல் மூன்றாம் ஆண்டு வரை பரீட்சை கிடையாது. வகுப்பறை மதிப்பீடுதான். அதில் வரும் ‘டிபி’ (TP, மலாயில் Tahap Penguasaan) என்பது 1 முதல் 6 வரையிலான அடைவுநிலை. அதை மார்க்காகவோ வகுப்பில் எத்தனையாவது இடம் என்றோ படிக்காதீர்கள். 1 என்றால் அடிப்படை தெரிகிறது, 2 என்றால் புரிந்தும் இருக்கிறது, 3 என்றால் தெரிந்ததைச் செய்தும் காட்டுகிறது. எதிர்பார்க்கும் குறைந்தபட்ச நிலையே 3 தான். கணிதத்தில் 4 வாங்கும் பிள்ளை, கடையில் மீதிக்காசு எவ்வளவு என்பது போன்ற அன்றாடக் கணக்கைப் போடும். பழக்கமில்லாத கணக்கையும் சொந்த வழியில் யோசித்துப் போட்டால் 6.

1 அல்லது 2 இருந்தால் பிள்ளையைத் திட்டாதீர்கள், ஆசிரியரிடம் போங்கள். “ஏன் குறைவு?” என்று கேட்பதைவிட, “எந்தத் திறனில் தடுமாறுகிறாள் டீச்சர்? பயிற்சிப் புத்தகத்தைப் பார்க்கலாமா?” என்று கேளுங்கள். நான் அப்படிக் கேட்டபோது, கூட்டல் எல்லாம் சரி, கடன் வாங்கிக் கழிப்பதில் மட்டும்தான் சிக்கல் என்று தெரிந்தது. இப்போது தினமும் இரவு ஐஸ்கிரீம் குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டிவைத்துப் பழகுகிறோம்.