தட்டருகே போனாலே உறுமிய மணி

அல்சூரில் எங்கள் வீட்டு நாட்டு நாய்க்குட்டி மணி, சோறு வைத்ததும் ஆளே மாறிவிடும். தட்டருகே யார் போனாலும் உறுமல்தான். "ரெண்டு போடுங்க மாப்பிள்ளை, அடங்கிடும்" என்றார் மாமனார். அடித்தால் உறுமல் அடங்கலாம், பயம் அடங்காது. அப்புறம் எச்சரிக்காமலே கடிக்கும். அதனால் தட்டைப் பிடுங்கவே இல்லை. அதன் உடம்பு விறைக்காத தூரத்தில் நின்று, உப்பில்லாமல் வேகவைத்த, எலும்பில்லாத கோழித்துண்டைத் தட்டுப் பக்கம் வீசிவிட்டு விலகிவிடுவேன். உடம்பு தளர்ந்து, வாலாட்டத் தொடங்கிய பிறகே ஓரடி நெருங்குவேன். செருப்பைக் கவ்வினாலும் பண்டமாற்றுதான்: கோழியைக் கொடுத்துச் செருப்பை வாங்குவேன். சாப்பாட்டு நேரத்தில் பிள்ளைகளைக் கிட்டவே விடவில்லை. அதில் சமரசமே கிடையாது. சில வாரங்களில், நான் போனால் மணி தட்டை விட்டுவிட்டு என் கையைப் பார்க்கத் தொடங்கியது. மாமனார் மேல் மட்டும் அதற்கு இன்னும் கொஞ்சம் சந்தேகம் உண்டு. அவர் கோழி கொடுப்பதில்லையே!