விதைக் கம்பெனியோடு கூட்டு ஆராய்ச்சி: கையெழுத்துக்கு முன்

அரசு ஆராய்ச்சி நிலையத்தில் புதிய பயிர் ரகங்களை உருவாக்குவது என் வேலை. தனியார் கம்பெனிகளோடு சேர்ந்து உழைப்பதை முழுமனதோடு ஆதரிக்கிறவன் நான். விதை வங்கியும் பல பருவத்து வயல் பதிவுகளும் நம்மிடம் இருக்கின்றன. மரபணுக் குறியீட்டுப் பரிசோதனைக் கூடமும், விதையைப் பெருக்கி ஊர் ஊராகக் கொண்டு சேர்க்கும் ஆள்பலமும் பெரும்பாலும் அவர்களிடம். ஆனால் ஒப்பந்தம் பேசும்போது விவசாயிக்காக வாய் திறக்க நம்மை விட்டால் அந்த அறையில் ஆள் இல்லை.

முதல் பேச்சுக்குப் போகும் முன்பே, உங்களிடம் ஏற்கெனவே இருப்பதைப் பட்டியல் போடுங்கள். ஒவ்வொரு விதை உறைக்கும் பதிவு எண், பெற்றோர், வந்த இடம், அறுவடைப் பருவம், கொடுத்த கிராம் அளவு என எல்லாம் அதில் வர வேண்டும். இரு தரப்பும் கையொப்பமிட்டு ஒப்பந்தத்தோடு இணைத்து விடுங்கள். ஆண்மலட்டு வரிசைகளில், அதாவது வளமான மகரந்தம் தராததால் கலப்பின விதைக்குத் தாயாகப் பயன்படும் செடி வகைகளில், இது மிக மிக முக்கியம். அவை ஒருமுறை கைமாறினால் அடுத்த பருவமே பத்துக் கலப்பினங்களுக்குத் தாயாகிவிடும். எது நம்முடையது, எது கூட்டு முயற்சியில் பிறந்தது என்று பிறகு பிரிப்பது பெரும்பாடு.

வெளியிலிருந்து வாங்கிய விதை என்றால் கூடுதல் கவனம். 2004-இல் நடைமுறைக்கு வந்த சர்வதேசப் பயிர் மரபணு வள உடன்படிக்கையின் கீழ் வந்த விதையோடு, 2006-இல் ஏற்கப்பட்ட பொதுப் பரிமாற்ற ஒப்பந்தமும் சேர்ந்தே வரும். கம்பெனிக்கு அதைக் கொடுத்தாலும் அதே நிபந்தனைகளோடுதான் கொடுக்க முடியும். அதிலிருந்து உருவான ரகத்தைப் பிறர் ஆராய்ச்சிக்குப் பயன்படுத்த விடாமல் பூட்டி விற்றால், விற்பனையில் 0.77 சதவீதம் பலன் பகிர்வு நிதிக்குப் போக வேண்டும். அதைச் செலுத்துவது யார் என்பதை இப்போதே எழுதி வையுங்கள்.

இனி உரிமை. ஒட்டுமொத்தத் தனியுரிமை கேட்பார்கள், கொடுக்காதீர்கள். பயிர், பகுதி, காலம் மூன்றுக்கும் எல்லை வையுங்கள். குறித்த ஆண்டுக்குள் ரகம் சந்தைக்கு வராவிட்டால் உரிமை நிலையத்துக்கே திரும்ப வேண்டும். கம்பு, சோளத்தில் சர்வதேசப் பயிர் ஆராய்ச்சி நிறுவனமான இக்ரிசாட் 2000-இல் தொடங்கிய கூட்டமைப்பு இன்னொரு வழி காட்டியது: பல கம்பெனிகள் ஆண்டுக் கட்டணம் செலுத்தின, கலப்பினப் பெற்றோர் வரிசைகள் எந்த ஒருவருக்கும் தனிச்சொத்து ஆகவில்லை. முடிந்தவரை இந்த வழியையே நான் சொல்வேன்.

சிறு விவசாயிக்கான ராயல்டி (உரிமைக் கட்டணம்) விலக்கை மட்டும் எந்த விலைக்கும் விட்டுவிடாதீர்கள். வைட்டமின் ஏ சத்துக்காக மரபணு மாற்றி உருவாக்கிய தங்க அரிசியில் 70 வாக்கில் காப்புரிமைகள் குறுக்கிட்டன. அதை உருவாக்கிய விஞ்ஞானிகள் இங்கோ பொட்ரிகஸும் பீட்டர் பேயரும் சின்ஜென்டா விதைக் கம்பெனியோடு பேசி, வளரும் நாடுகளில் விவசாயத்தில் ஆண்டுக்கு 10,000 டாலருக்குக் குறைவாகச் சம்பாதிப்பவர்களுக்கு ராயல்டி இல்லை, அவர்கள் விதை எடுத்து மறுபடி விதைக்கலாம் என்று முடிவு செய்தார்கள். அந்த ரகம் வயலுக்குப் போவது பல ஆண்டுகள் தள்ளிப்போனது வேறு கதை. ஆனால் அந்த நிபந்தனையின் வடிவம் இன்றும் நமக்கு உதவும்: வருமான வரம்பு, நாடுகள், விதை சேமிக்கும் உரிமை மூன்றும் தெளிவாக எழுத்தில் இருக்க வேண்டும்.

ஆய்வுக் கட்டுரை வெளியிடுவதைத் தாமதிக்கக் கேட்டால், காப்புரிமை விண்ணப்பம் போடும் அளவுக்கு, சில மாதம் மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள். தோற்றுப்போன வயல் சோதனைகளையும் வெளியிடும் உரிமை உங்களுக்கு இருக்கட்டும். கம்பெனி கைமாறினாலோ திட்டத்தைப் பாதியில் நிறுத்தினாலோ எல்லா வரிசைகளிலும் முளைப்புத்திறன் உள்ள விதையும் பதிவேடுகளின் நகலும் உங்கள் விதை வங்கிக்கு வந்து சேரும் நாளையும் குறிப்பிட்டு விடுங்கள்.