தாராவிப் பிள்ளைகளும் கணக்கு ஆப்பும்: எங்கே தவறுகிறோம்?

தாராவியில் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகள் சிலர் சாயங்காலம் என் வீட்டுக்குப் படிக்க வருவார்கள். அதில் நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, அம்மாவின் போனில் கணக்கு ஆப்பைத் திறந்து பத்தே நிமிடத்தில் இருபது நட்சத்திரம் வாங்கிவிட்டாள். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தபோதுதான் சங்கதி புரிந்தது. “நாலு விடையையும் அமுக்குனா ஒண்ணு பச்சையாயிரும்க்கா” என்றாள்.

சிலேட்டைக் கொடுத்து, 52-இல் 27 போனால் எவ்வளவு என்றேன். 35 என்று எழுதினாள். 2-இல் 7 போகாதே, அதனால் 7-இல் 2-ஐக் கழித்துவிட்டாள். கடன் வாங்கத் தெரியவில்லை. ஆப்போ பின்னக் கணக்கை நீட்டிக்கொண்டிருந்தது.

பெற்றோரும் ஆசிரியர்களும் செய்கிற பெரிய தவறு இதுதான். பிள்ளை எந்த வகுப்பு என்று பார்த்துப் பாடத்தைத் திறக்கிறோம், எந்த இடத்தில் தடுக்கி நிற்கிறது என்று பார்ப்பதில்லை. டெல்லியில் மைண்ட்ஸ்பார்க் என்ற பாடம் கற்கும் மென்பொருளை வைத்து நடந்த ஆய்வு 2019-இல் வெளியானது. அதில் பெரிய வகுப்புப் பிள்ளைகளே பல வருடம் பின்தங்கியிருந்தார்கள். அவரவர் நிலையிலிருந்து தொடங்கியதும் நாலரை மாதத்தில் கணக்கு நன்றாகவே ஏறியது. அங்கே சொல்லிக்கொடுக்க ஆளும் இருந்தார் என்பதை மறக்க வேண்டாம்.

ஆளை எடுத்துவிட்டுத் திரையை வைத்தால் என்ன ஆகும்? குஜராத்தில் ஞான்ஷாலா என்ற தொண்டு நிறுவனம் நடத்தும் பள்ளிகளில் வழக்கமான பாட நேரத்தைக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்தபோது மதிப்பெண் இறங்கியது. பள்ளி நேரத்துக்கு வெளியே கொடுத்தபோது ஏறியது. அதனால் வகுப்பு நேரத்தில் டேப்லெட்டைக் கொடுத்துவிட்டு ஆசிரியர் வேறு வேலை பார்க்கக் கிளம்பக் கூடாது.

வதோதரா மாநகராட்சிப் பள்ளிகளில் நான்காம் வகுப்பினர் கம்ப்யூட்டருக்கு இருவராக உட்கார்ந்து, வாரம் இரண்டு மணி நேரம் கணக்கு விளையாடினார்கள். நல்ல பலன்தான். ஆனால் நிறுத்திய ஒரு வருடத்தில் பெரும்பகுதி கரைந்துவிட்டது. பரீட்சை முடிந்ததும் ஆப்பை அழிக்கிறவர்களுக்கு இதைச் சொல்கிறேன்.

அப்புறம் மொழி. ‘தெருவில் இந்திதானே பேசுது’ என்று ஆப்பையும் இந்தியில் வைத்துவிடுகிறார்கள். தமிழில் கழித்தல் படித்த பிள்ளை, திரையில் ‘கடாவ்’ என்று வந்தால் முழிக்காதா?

சரி, அந்தச் சிறுமிக்கு இப்போது ஒரே விதி: சிலேட்டில் போட்டுக் காட்டிய பிறகுதான் திரையைத் தொடலாம். இருபது நட்சத்திரம் நாலாகிவிட்டது. என்மேல் கோபமாக இருக்கிறாள்.