வீட்டுக் கடனோடு வரும் ஆயுள் காப்பீடு: கையெழுத்துக்கு முன் போட வேண்டிய கணக்கு

பெங்களூரில் ஒயிட்ஃபீல்டு பக்கம் நாங்கள் வீடு வாங்கியபோது, கேட்ட கடன் 50 லட்சம் ரூபாய். ஒப்புதல் கடிதத்தில் இருந்ததோ 51.5 லட்சம். கையெழுத்துப் போட்டு வீட்டுக்கு வந்த பிறகு, என் மனைவி அந்த வரியில் விரலை வைத்துக் காட்டியபோதுதான், ஒன்றரை லட்சம் ரூபாய் ஆயுள் காப்பீட்டு பிரீமியம் கடனிலேயே சேர்க்கப்பட்டிருப்பது தெரிந்தது. இத்தகைய காப்பீட்டை எடுத்தே ஆக வேண்டும் என்று ரிசர்வ் வங்கியும் விதிக்கவில்லை, காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமும் விதிக்கவில்லை. ஆனாலும் கடன் வாங்கியவர் திடீரென இறந்தால் தவணைச் சுமை குடும்பத்தின் மேல் விழும் என்பதால், ஏதாவது ஒரு பாதுகாப்பு கட்டாயம் வேண்டும் என்றே நான் கருதுகிறேன்.

முதலில் அதன் உண்மையான விலையைக் கணக்கிடுங்கள். 8.5 சதவீத வட்டியில் 20 ஆண்டுகளுக்கு, அந்த ஒன்றரை லட்சத்துக்கு மட்டும் மாதத் தவணை ஏறத்தாழ 1,302 ரூபாய். 240 மாதங்களில் கட்டி முடிப்பது சுமார் 3.12 லட்சம். பிரீமியத்தைக் கையிலிருந்து கட்டினால் இந்த வட்டி மிச்சம்.

அடுத்து, அந்த விலைக்குக் கிடைப்பது என்ன என்று பாருங்கள். வங்கிகள் விற்பவற்றில் பெரும்பாலானவை, கடன் குறையக் குறையக் காப்புத் தொகையும் குறையும் வகையைச் சேர்ந்தவை. மேற்சொன்ன வட்டியில் 50 லட்சம் கடன் பத்தாம் ஆண்டு முடிவில் ஏறக்குறைய 35 லட்சமாக இறங்கும். காப்பும் அந்த அளவில்தான் நிற்கும், இழப்பீடும் முதலில் வங்கிக்கே போகும். இந்த இறங்குவரிசை தொடக்கத்திலேயே வகுக்கப்படுவதால், பிறகு வட்டி ஏறினால் அது கடனோடு ஒத்துப்போகாது. 2022 மே மாதத்துக்கும் 2023 பிப்ரவரிக்கும் இடையே ரெப்போ விகிதம் (வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் தரும் வட்டி) 4 சதவீதத்திலிருந்து 6.5 சதவீதமாக உயர்ந்தபோது, மிதக்கும் வட்டியில், அதாவது சந்தை வட்டியோடு ஏறி இறங்கும் வட்டியில், கடன் வாங்கிய பலருக்குத் தவணைக்காலம் நீண்டது. பழைய அட்டவணைப்படி காப்பு குறைந்துகொண்டே வர, கடன் அதே வேகத்தில் குறையவில்லை.

இதனுடன் தனியாக எடுக்கும் டேர்ம் பாலிசியை, அதாவது குறிப்பிட்ட காலத்துக்குள் இறந்தால் மட்டும் பணம் தரும் காப்பீட்டை, ஒப்பிடுங்கள். அதில் காப்புத் தொகை குறைவதில்லை, பணம் நாமினிக்குப் போகிறது, கடனை வேறு வங்கிக்கு மாற்றினாலும் பாலிசி தொடர்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள் பாலிசிகளுக்கு ஜிஎஸ்டியும் இல்லை. வங்கி வழியே வருவது குழுப் பாலிசியாக (பல கடனாளிகளைச் சேர்த்து ஒரே பாலிசியாக) இருந்தால் இந்த விலக்கு பொருந்தாது. மணமான ஆண்கள் 1874ஆம் ஆண்டின் திருமணமான பெண்கள் சொத்துச் சட்டத்தின் கீழ் பாலிசி எடுத்தால், அந்தப் பணத்தில் கடன் கொடுத்தவர்கள் கைவைக்க முடியாது. ஆண்டுதோறும் பிரீமியம் கட்டத் தவறிவிடுவோம் என்று அஞ்சுகிறவர்களுக்கு மட்டும், ஒரே தவணையில் முடியும் வங்கிப் பாலிசி பொருத்தமாக இருக்கலாம்.

கணவன், மனைவி இருவர் சம்பளத்தையும் நம்பி வாங்கிய கடன் என்றால் இருவருக்குமே காப்பு தேவை.

ஏற்கெனவே கையெழுத்திட்டிருந்தாலும், பாலிசி ஆவணம் கைக்கு வந்த 30 நாட்களுக்குள் அதைத் திருப்பிக் கொடுக்கலாம். நாங்கள் அப்படித்தான் செய்தோம். ஆனால் புதிய டேர்ம் பாலிசி உறுதியான பிறகே பழையதை ரத்து செய்யுங்கள். மருத்துவப் பரிசோதனையில் மறுக்கப்பட்டால் இரண்டுமே இல்லாமல் போய்விடும். திரும்பி வரும் தொகை கடன் அசலில் கழிக்கப்பட்டிருக்கிறதா என்பதை அடுத்த கணக்கு அறிக்கையில் சரிபாருங்கள்.