பழைய ராட்சதச் சிலந்திகளைப் புதிய ஆட்ட மேசைக்குக் கொண்டுவருவது எப்படி

பகடை உருட்டிப் பாத்திரமேற்று ஆடும் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டுக்காக 1977இல் வெளிவந்த மான்ஸ்டர் மேனுவல் என்னும் உயிரினத் தொகுப்பு நூலில் சிலந்திகள் ஐந்து வகையாக இடம்பெற்றுள்ளன: பெரிய சிலந்தி, மிகப் பெரிய சிலந்தி, ராட்சதச் சிலந்தி, வேற்றுவெளிக்குள் மறைந்து திரும்பும் ஃபேஸ் சிலந்தி, ராட்சத நீர்ச்சிலந்தி. ராட்சதத் தேளுக்குத் தனிப் பதிவு உண்டு. இவற்றை 2014இல் வெளிவந்த ஐந்தாம் பதிப்பின் விதிகளுக்கு மாற்ற முனைவோர் பெரும்பாலும் எண்களை மாற்றிவிட்டால் வேலை முடிந்தது என்று எண்ணுகின்றனர். என் அனுபவத்தில் எண்கள்தாம் இந்த வேலையின் எளிய பகுதி. அந்த உயிரினத்தின் முன் ஆட்டக்காரர்கள் எப்படி நடந்துகொள்ள நேர்ந்தது என்பதைக் கண்டறிந்து, அதைப் புதிய விதிகளில் மீண்டும் நிகழச் செய்வதே கடினமான பகுதி.

எளியதை முதலில் முடித்துவிடலாம். ஓர் உயிரைத் தாக்குவது எவ்வளவு கடினம் என்பதைக் காட்டுவது கவச எண். பழைய முறையில் அது குறையக் குறையப் பாதுகாப்பு கூடும். ஆகவே பழைய எண்ணை 20இலிருந்து கழித்தால் புதிய முறைக்கான எண் கிடைக்கும். ராட்சதச் சிலந்தியின் பழைய எண் 4, ஆகவே 16 வர வேண்டும். ஆனால் ஐந்தாம் பதிப்பில் அதற்கு 14தான் தரப்பட்டுள்ளது. தேளுக்கு 17 வர வேண்டிய இடத்தில் 15 உள்ளது. ஐந்தாம் பதிப்பில் தாக்கும் திறன் மிக மெதுவாகவே வளர்வதால், கழித்து வரும் எண் 14க்கு மேல் போனால் ஒன்றோ இரண்டோ குறைத்துக்கொள்வது நல்லது.

ஓர் உயிர் எவ்வளவு சேதம் தாங்கும் என்பதைக் காட்டும் உயிர்ப்புள்ளிகளைத் தீர்மானிக்கும் உயிர்ப் பகடைகளில் நான் மிகவும் ரசித்த ஒரு தொடர்ச்சி இருக்கிறது. பழைய ராட்சதச் சிலந்திக்கு 4+4, அதாவது நான்கு எட்டுமுகப் பகடைகளோடு 4; சராசரி 22. ஐந்தாம் பதிப்பில் அதே சிலந்திக்கு நான்கு பத்துமுகப் பகடைகளோடு 4, சராசரி 26. ஃபேஸ் சிலந்தியின் 5+5 அப்படியே ஐந்து பத்துமுகப் பகடைகளோடு 5 ஆகியிருக்கிறது. வலை பின்னாமல் அலைந்து வேட்டையாடும் மிகப் பெரிய சிலந்தியின் 2+2, ஐந்தாம் பதிப்பின் ராட்சத ஓநாய்ச் சிலந்தியிடம் இரண்டு எட்டுமுகப் பகடைகளோடு 2 என்று நிற்கிறது. எனவே ஐந்தாம் பதிப்பில் இடம்பெறாத பழைய சிலந்தி ஒன்றை நீங்கள் மாற்ற நேர்ந்தால், பகடைகளின் எண்ணிக்கையை அப்படியே வைத்துக்கொண்டு, உடல் அளவுக்கு ஏற்ப அவற்றின் முகங்களை மட்டும் மாற்றினாலே போதும். தேள் இதற்கு விலக்கு. அதன் 5+5, ஏழு பத்துமுகப் பகடைகளோடு 14 என வளர்ந்துவிட்டது.

இனி நஞ்சுக்கு வருவோம். பழைய ராட்சதச் சிலந்தி கடித்தால் 2 முதல் 8 வரை சேதம் விளையும். அதோடு, சேவிங் த்ரோ எனப்படும் தப்பிப்பு வீச்சில் தோற்றவர் அந்த இடத்திலேயே இறப்பார். ஆட்டத்தைப் புதிதாகத் தொடங்கும் முதல் நிலைப் போர்வீரர் ஒருவர் பிழைக்க இருபதுமுகப் பகடையில் 14 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். அதாவது நூற்றில் 65 பங்கு சாவு. இந்தக் கணக்கை அறிந்திருந்த அக்கால ஆட்டக்காரர்கள் வலையைக் கண்டதும் உள்ளே நுழையவில்லை. பந்தம் கொளுத்தினார்கள், நீண்ட கழியால் தட்டிப் பார்த்தார்கள், வேறு வழி தேடினார்கள். நஞ்சு விளைவித்தது அந்த எச்சரிக்கையைத்தான். முதன்முதலில் ஒரு பழைய சாகசத்தை மாற்றியபோது நான் நஞ்சு விதியை மட்டும் அப்படியே விட்டுவைத்தேன். இரண்டாம் சுற்றிலேயே ஒருவரின் பாத்திரம் இறந்தது. பல வாரங்களாக அவர் வளர்த்த பாத்திரம் அது. புதிய விதிகளில் ஒரு பாத்திரத்தை உருவாக்க நேரமும் மனமும் அதிகம் செலவாகின்றன என்பதையும், அதை ஒரே வீச்சில் பறிப்பதில் அச்சத்தைவிட வருத்தமே மிஞ்சுகிறது என்பதையும் அன்று உணர்ந்தேன்.

ஐந்தாம் பதிப்பின் விதியை ஊன்றிப் படித்தால் இதற்கு விடை அதிலேயே இருக்கிறது. கடியின் சராசரி சேதம் 7. உடலுறுதி வீச்சில் 11 என்ற இலக்கை எட்டாதவருக்கு மேலும் 9 நஞ்சுச் சேதம். எட்டியவருக்கு அதில் பாதி. நஞ்சுச் சேதத்தால் உயிர்ப்புள்ளி சுழியத்துக்கு இறங்கினால் அந்தப் பாத்திரம் இறப்பதில்லை; உயிர் நிலைபெற்று, ஒரு மணி நேரம் முடங்கிக் கிடக்கிறது. 12 உயிர்ப்புள்ளி கொண்ட முதல் நிலைப் போர்வீரரை எண்ணிப் பாருங்கள்: கடித்ததும் 5 எஞ்சுகிறது, நஞ்சு ஏறியதும் அவர் மரக்கட்டைபோல் விழுகிறார். சிலந்தி இரையை உடனே கொல்லாமல் சேமித்து வைக்கும் உயிர் என்பதை இந்த ஒரு வரி சொல்லிவிடுகிறது. ஆயினும் பல ஆட்டநடத்துநர்கள் இதைப் பயன்படுத்துவதே இல்லை. விழுந்தவரை விட்டுவிட்டு அடுத்தவரைக் கடிக்கச் செய்கிறார்கள்.

அப்படிச் செய்யாதீர்கள். ஒருவர் விழுந்தவுடன் சிலந்தியின் நோக்கம் மாற வேண்டும். அது அவரைக் கவ்விக்கொண்டு சுவரேறி இருளுக்குள் இழுத்துச் செல்லட்டும். மற்றவர்களுக்கு ஒரு மணி நேரம் இருக்கிறது. வலைக்கூட்டின் ஆழத்தில் நூலால் சுற்றப்பட்ட பொதிகள் பல தொங்குகின்றன. அவற்றுள் எதில் நண்பர் இருக்கிறார் என்று தேட வேண்டும். வலைக்குத் தீ எளிதில் பற்றும். வலையை உருவாக்கும் வெப் மந்திரத்தின் விதிப்படி எரியும் வலைக்குள் இருப்பவர் இரண்டு நான்குமுகப் பகடை அளவு தீச்சேதம் பெறுவார். அதையே இங்கும் கையாண்டால், பந்தத்தை நீட்டுமுன் ஆட்டக்காரர்கள் தயங்குவார்கள். பழைய ஆட்டத்தின் அந்த எச்சரிக்கை, யாரும் இறக்காமலே மேசைக்குத் திரும்பி வந்துவிடுகிறது.

ஐந்தாம் நிலைக்கு மேற்பட்ட குழுவுக்கு இந்தச் சேதம் ஒரு பொருட்டாகாது. அப்போது சேதத்தைக் கூட்டுவதைவிட நஞ்சை இரண்டு படிகளாகப் பிரிப்பதையே நான் பரிந்துரைப்பேன். முதல் வீச்சில் தோற்றால் கால்கள் மரத்து வேகம் பாதியாகும். அவர் ஆடும் அடுத்த முறையின் முடிவில் மீண்டும் தோற்றால் உடல் முடங்கும். இடைப்பட்ட அந்த ஒரு முறையில் நண்பர்கள் ஏதேனும் செய்ய வாய்ப்பு இருக்கிறது என்பதே இதன் பயன். 50 பொற்காசு விலையுள்ள நஞ்சுமுறி மருந்து ஒரு மணி நேரத்துக்கு நஞ்சு வீச்சுகளில் சாதகம் தருவதால், காட்டோரச் சிற்றூரின் கடையில் அந்த மருந்து மட்டும் நிறைய அடுக்கப்பட்டிருப்பதாகக் காட்டினால், வேறு முன்னறிவிப்பே தேவைப்படாது.

மாற்றத்தில் தவறிப்போனவற்றையும் மீட்க வேண்டும். பழைய மிகப் பெரிய சிலந்தி 30 அடி பாய்ந்து இரைமேல் விழும்; ஆறில் ஐந்து முறை எதிர்பாராமல் தாக்கும். 2014 விதிகளின் ராட்சத ஓநாய்ச் சிலந்தியிடம் பதுங்கும் திறன் நன்றாகவே இருக்கிறது, ஆனால் அந்தப் பாய்ச்சல் இல்லை. அதற்கு மாறாக வலைமேல் நடப்பதும் வலையதிர்வை உணர்வதும் தரப்பட்டுள்ளன. இயற்கையில் ஓநாய்ச் சிலந்திகள் இரைக்காகப் பொதுவாக வலை பின்னுவதில்லை, ஓடிப் பிடிக்கின்றன. அந்த இரண்டு திறன்களையும் நீக்கிவிட்டுப் பாய்ச்சலைத் திருப்பிக் கொடுங்கள். முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சுகளைத் தாய் முதுகில் சுமக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்; அது வெட்டுண்டு விழும்போது முதுகிலிருந்து நூற்றுக்கணக்கான குஞ்சுகள் சிதறி ஓடும் காட்சிக்கு எந்த விதியும் தேவையில்லை.

தேளை நடத்தும்போது வரிசை முக்கியம். முன்னுள்ள இடுக்கிகள் இரண்டும் தனித்தனியே ஒருவரைப் பிடிக்கட்டும். வால் பிடிபட்டவரை மட்டுமே கொட்டட்டும். சராசரி 22 நஞ்சுச் சேதம் தரும் அந்தக் கொட்டு, தப்ப ஒரு வாய்ப்பு இருந்த பிறகே விழுவதால் நியாயமாகிறது. உண்மைத் தேள்கள் நில அதிர்வைக் கால்களால் உணர்கின்றன. அசையாமல் நிற்பவரை இது உணராது என்று வைத்துக்கொண்டால் போர்க்களமே மாறிவிடும். புற ஊதா ஒளியில் தேளின் உடல் நீலப் பச்சையாக ஒளிரும் என்பதையும் ஒரு மாய விளக்கின் வழியே காட்டலாம்.

முழு மாற்றத்துக்கு எடுத்துக்காட்டாக நீர்ச்சிலந்தியைக் கொள்வோம். ஐந்தாம் பதிப்பின் மூல நூலில் இதற்கு இடமில்லை. பழைய கவச எண் 5, உயிர்ப் பகடை 3+3. மேற்சொன்ன முறைப்படி கவச எண் 14 ஆகும். பெரிய உடல் என்று கொண்டு மூன்று பத்துமுகப் பகடைகளோடு 3 வைத்தால் உயிர்ப்புள்ளி 19. நீந்தும் வேகம் 40 அடி, நிலத்தில் 20. கடிக்கு ஓர் ஆறுமுகப் பகடையோடு 3, நஞ்சுக்கு இரண்டு ஆறுமுகப் பகடைகள், கூடவே கடிபட்டவர் பிடிபடுவார். 2014 ஆட்டநடத்துநர் கையேட்டின் அட்டவணை, சவால் மதிப்பு (எதிரி எவ்வளவு வலியது என்பதைக் காட்டும் எண்) 1 கொண்ட உயிருக்கு 71 முதல் 85 வரை உயிர்ப்புள்ளி கேட்கும். அதைக் கண்டு குழம்ப வேண்டாம். அதே மதிப்புள்ள ராட்சதச் சிலந்திக்கே 26தான் இருக்கிறது. அட்டவணையைவிட உடன்பிறப்போடு ஒப்பிட்டு மதிப்பிடுவதே எனக்கு எப்போதும் சரியாக வந்திருக்கிறது.

ஆனால் இதன் உயிர்நாடி வேறிடத்தில் இருக்கிறது. ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் வாழும் உண்மையான நீர்ச்சிலந்தி, நீரடிச் செடிகளுக்கிடையே பட்டுநூலால் மணிபோன்ற கூடு கட்டி, உடல் மயிர்களில் சிக்கும் காற்றை மேலிருந்து கொண்டுவந்து அதை நிரப்பி, அதற்குள்ளேயே வாழ்கிறது. உங்கள் ராட்சதச் சிலந்தி பிடித்தவரை அந்தக் காற்றுக்கூட்டுக்கே இழுத்துச் செல்கிறது. மூச்சடக்கும் நேரம் ஒரு நிமிடத்தோடு உடலுறுதிக் கூடுதல் எண் எத்தனையோ அத்தனை நிமிடமே. நீருக்கடியில் வாளும் கோடரியும் தடுமாறும், ஈட்டியும் குறுவாளும் தடுமாறா. எதிரியின் கூடே அங்கே மூச்சுவிட ஒரே இடம் என்பதால், ஆட்டக்காரர்கள் அதைக் கிழிக்கவும் முடியாமல், விட்டு விலகவும் முடியாமல் திணறுவார்கள்.

இவை அனைத்துக்கும் முன்பாக ஒரு கேள்வியைக் கேட்டுவிடுங்கள். சிலந்தி என்றாலே உடல் நடுங்குவோர் பலர். தொடர் தொடங்குமுன்னரே ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேட்டு, ஒருவர் வேண்டாம் என்றாலும் நண்டுபோன்ற வேறோர் உருவத்தை வைத்துக்கொள்ளுங்கள். வலையும் நஞ்சும் இழுத்துச் செல்லலும் எந்த உருவத்துக்கும் பொருந்தும். நீங்கள் எழுதியதை வெளியிட எண்ணினால், ராட்சதச் சிலந்தியும் தேளும் அடங்கிய அடிப்படை விதித்தொகுப்பு 2023 ஜனவரி முதல் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் கிடைக்கிறது. உரியவரைக் குறிப்பிட்டு அதைப் பயன்படுத்தலாம். 1977 நூலின் வாசகங்களும் படங்களும் அந்த உரிமத்துக்குள் வாரா.

மேசைக்குக் கொண்டுவருமுன் நான்கு பாத்திரத் தாள்களை எடுத்துத் தனியாக மூன்று சுற்று ஆடிப் பாருங்கள். நால்வரும் நின்ற இடத்திலேயே நின்று வெட்டிக்கொண்டிருந்தால் சேதத்தில் கை வைக்காதீர்கள். வலை எங்கே கட்டப்பட்டிருக்கிறது, சிலந்தி எந்த வழியாக வெளியேறும் என்பதைத் திருத்தி மீண்டும் ஆடுங்கள்.